வெங்காயம் கடந்து வந்த பாதை



நமது ஆலய அன்னதானச் சமையலில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே. "வெங்காயம் என்ன பாவம் செய்தது?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். "பெரியவர்கள் சொன்னார்கள்" என்று அவர்கள் வாயை அடைப்பதைவிட, அப்பொருளின் வரலாற்றை எடுத்துரைப்பதே முறையாகும்.

வெங்காயத்தின் பிறப்பிடம் மத்திய ஆசியா என்பது தாவரவியல் அறிஞர் பலரின் கருத்து. ஈரான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான் முதலிய மலைநாடுகளில் அதன் காட்டு இனங்கள் இன்றும் வளர்கின்றன. அங்கிருந்து மேற்கும் கிழக்குமாக அது பரவியது. கி.மு. 1700ஐ ஒட்டிய பாபிலோனியச் சமையற் குறிப்புகள் களிமண் பலகைகளில் எழுதப்பட்டு, இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இறைச்சிக் குழம்புகளுக்கு வெங்காயமும் பூண்டும் சேர்க்கும் வழக்கத்தை அவை காட்டுகின்றன.

எகிப்தில் அது உழைப்பாளர் உணவாக விளங்கியது. பெரிய பிரமிடைக் கட்டியவர்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்க 1,600 தாலந்து வெள்ளி செலவானதாகக் கல்வெட்டு கூறுகிறது என்று கிரேக்க அறிஞர் ஹெரோடோட்டஸ் எழுதினார். பிரமிடு எழுந்து சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து அவர் கேட்டறிந்த செய்தி அது. எனவே அத்தொகையை அப்படியே ஏற்பதற்கில்லை. வெங்காயத்துக்கு அங்கே சமயச் சிறப்பும் இருந்தது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் மறைந்த மன்னர் நான்காம் ராம்சேஸின் பதப்படுத்தப்பட்ட உடலில், கண்குழிகளில் வெங்காயம் வைக்கப்பட்டிருந்தது.

அதே எகிப்தில் பூசாரிகள் வெங்காயத்தை விலக்கினர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. விரதமிருப்போருக்குத் தாகத்தையும் விழாக் கொண்டாடுவோருக்குக் கண்ணீரையும் அது தருவதே காரணம் என்று புளூட்டார்க் விளக்கம் கூறினார். ஆக, ஒரே பொருள் உழைப்பவனுக்கு உணவாகவும் விரதமிருப்பவனுக்கு விலக்காகவும் இருந்திருக்கிறது.

பாரதத்திலும் இந்நிலையே. வடமொழியில் இதனைப் 'பலாண்டு' என்பர். சரக சம்ஹிதை இதனை வலுவூட்டும் உணவாகக் கூறுகிறது. மனுஸ்மிருதியோ இருபிறப்பாளர் இதனை உண்ணலாகாது என்கிறது. கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை மூன்று குணங்களாகப் பிரித்துரைத்தாலும், வெங்காயத்தைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. உடலுக்குச் சூடேற்றி உணர்ச்சியைக் கிளறும் பொருள் தியானத்துக்கும் விரதத்துக்கும் ஏற்றதன்று என்ற கருத்திலேயே பின்னோர் இதனை ராஜச, தாமச உணவுகளில் சேர்த்தனர். நம் நாட்டுச் சீனர் சைவ உணவுக் கடைகளிலும் வெங்காயம், பூண்டு சேர்க்காத வழக்கம் உண்டு. அது பௌத்த நெறி வழி வந்தது.

இவ்வரலாற்றில் வருந்தத்தக்க பக்கமும் ஒன்றுண்டு. வெங்காயம், பூண்டு உண்டவர்கள் ஊருக்கு வெளியே துரத்தப்பட்டனர் என்று 7ஆம் நூற்றாண்டில் பாரதம் வந்த யுவான் சுவாங் எழுதி வைத்தார். தன்னை அடக்கிக்கொள்ள ஏற்பட்ட நோன்பு, பிறரை ஒதுக்கும் கருவியாகிவிட்டது. ஒருவர் வீட்டு அடுப்பை வைத்து அவரது பக்தியை அளப்பது தகாது.

நம் சமையற்காரர்கள் வெங்காயத்துக்கு ஈடாகப் பெருங்காயம் சேர்க்கின்றனர். அதுவும் ஈரான், ஆப்கானிஸ்தான் மண்ணில் விளைவதே. வெங்காயம், பெருங்காயம் என்னும் இரண்டு பெயரிலும் 'காயம்' என்ற சொல் நிற்பதைக் காண்க. காரமுள்ள பொருள் என்பது அதன் பொருள். எனவே, அயல்நாட்டுப் பொருள் என்பதற்காக நாம் வெங்காயத்தை ஒதுக்கவில்லை. பந்தியில் அமரும் விரதக்காரரும் தயக்கமின்றி உண்ண வேண்டும் என்பதற்காகவே இவ்வேற்பாடு.

ஆகவே, அன்னதானத்துக்குப் பொருளுதவி செய்வோர் அரிசி, பருப்பு, பூசணி, கத்தரி முதலியவற்றை வழங்கினால் அவை முழுவதும் பயன்படும். வீட்டில் வெங்காயம் உண்டு வந்தவர்கள் பந்தியில் அமரத் தயங்க வேண்டியதில்லை. இலை எல்லோருக்கும் பொதுவானது.