பின்கண்ணாடித் துடைப்பான் மின்னோடி

பின்கண்ணாடித் துடைப்பான் மின்னோடி (மோட்டார்) என்பது மகிழுந்தின் பின்கதவினுள் அமைந்து, துடைப்புக்கையை இருபுறமும் அசைக்கும் 12 வோல்ட் மின்கருவி ஆகும். பழைய மகிழுந்துகளில் இதன் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்வதால் மழைநீர் புகுந்து, தண்டு துருவேறி இறுகிவிடும். 1997இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் நான்காம் தலைமுறையில் கண்ணாடி கழுவும் நீரும் இத்தண்டின் ஊடாகவே செல்வதால், கசியும் நீர் நேரே மின்னோடிக்குள் இறங்குகிறது.

மாற்றுவதற்கு முன், மின்னோடிக்கு மின்சாரம் வருகிறதா எனச் சோதித்தல் வேண்டும். பின்கதவின் கீலருகே கம்பி அறுந்திருக்க, பழுதில்லாத மின்னோடியைக் கழற்றி எறிவதும் உண்டு. துருவால் பிடித்துக்கொண்ட துடைப்புக்கையைச் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி உடையக்கூடும். அதற்கென உள்ள இழுப்பானே தக்கது. புதிய மின்னோடியைக் கை மாட்டாமல் ஒருமுறை இயக்கி நிறுத்தவேண்டும். அது தன் ஓய்வுநிலைக்குத் திரும்பிய பின்னரே கையைப் பொருத்தி நட்டை இறுக்கலாம்.