கொள்ளை நோயும் ஆராய்ச்சி இதழும்

விஞ்ஞானி ஒருவர் தாம் கண்டறிந்ததை உலகுக்கு அறிவிக்க விரும்பினால், அதனைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சி இதழ் ஒன்றுக்கு அனுப்புவார். இதழாசிரியர் அதனை அத்துறையில் வல்லார் சிலரிடம் கொடுத்துக் குற்றம் குறைகளை ஆராயச் செய்வார். "எத்தனை பேரைச் சோதித்தீர்? இம்முடிவுக்கு எவ்வாறு வந்தீர்?" என்று அவர்கள் வினவுவர். விடை கூறித் திருத்தி அனுப்பிய கட்டுரை அச்சேறப் பல மாதங்கள் கழியும். கொள்ளை நோயோ மாதக்கணக்கில் காத்திருப்பதன்று.

2020 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் நாள், ஊகான் நகரத்து நோயாளி ஒருவரின் மாதிரி, ஷாங்காய்ப் பேராசிரியர் ஜாங் யோங்சென் என்பாரிடம் வந்து சேர்ந்தது. அவர் குழுவினர் ஏறத்தாழ நாற்பது மணி நேரத்தில் அக்கிருமியின் மரபணுத் தொடரைப் படித்தறிந்தனர். சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட அத்தொடரை, சிட்னி நகர விஞ்ஞானி எட்வர்டு ஹோம்ஸ் துணையால், ஜனவரி 11 இல் இணையத்தில் யாவரும் காண வெளியிட்டார். மறுநாளே அவருடைய ஆய்வுக்கூடம் மூடப்பட்டது! அவர் கட்டுரை இதழில் வெளிவந்தது பிப்ரவரியில். அதற்குள் நோயறியும் சோதனை பெர்லினில் உருவாகிவிட்டது. தடுப்பூசி முயற்சியும் தொடங்கிவிட்டது.

விரைவு இவ்வாறு உதவியது. அதே விரைவு இடறியதும் உண்டு.

1823 இல் தோன்றிய 'லான்செட்' என்னும் புகழ்மிக்க இதழில், 2020 மே 22 அன்று ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள்! இத்தகைய எண்களைக் கண்டு மயங்காதார் யார்? ஹைடிராக்சிகுளோரோக்வின் என்னும் மலேரியா மருந்தை உண்ட கொரோனா நோயாளிகளே மிகுதியாக இறந்தனர் என்று அது கூறியது. உலக சுகாதார நிறுவனம் அம்மருந்துச் சோதனையை உடனே நிறுத்தி வைத்தது.

ஆயினும் சிலர் அவ்வெண்களை ஒவ்வொன்றாக ஒப்பு நோக்கினர். ஆஸ்திரேலியாவில் அதுகாறும் இறந்தோர் தொகையைக் காட்டிலும், கட்டுரை காட்டிய தொகை மிகுந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் கூடிப் பகிரங்கக் கடிதம் எழுதினர். மூலப் பதிவுகளைத் தணிக்கைக்குத் தர, அவற்றைத் திரட்டியதாகக் கூறிய நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 இல் ஆசிரியர் மூவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். அச்சுக்கு முன் ஆராய்ந்தவர்கள் என் செய்தனர் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் கண்டது கட்டுரையையே. மருத்துவமனைப் பதிவுகளை அல்ல.

மறுநாளே, பிரிட்டனில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தார் நடத்திய பெருஞ்சோதனை, அம்மருந்தால் பயனில்லை என்று மெய்யான நோயாளிகளைக் கொண்டு காட்டியது. அதனால் பொய்க் கணக்கு மெய்க் கணக்கு ஆகிவிடாது அன்றோ?

அச்சோதனையிலேயே டெக்சாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்து, குலுக்கல் முறையில் தேர்ந்த 2,104 பேருக்கு அளிக்கப்பெற்றது. 4,321 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஜூன் 16 அன்று இம்முடிவு அறிவிக்கப்பட்டது. அன்றே பிரிட்டனில் அம்மருந்தை வழங்க அரசு இசைந்தது. ஆராய்ந்து திருத்திய கட்டுரை இதழில் வெளிவந்தது ஜூலை 17 ஆம் நாள்.