ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

அளவுக்கு மீறிச் செலவு செய்பவர்கள் ஆடம்பரப் பிரியர்கள் என்றே நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. சிக்கனமாக வாழ்பவர்களும் சில நாட்களில் தம்மை அறியாமலே பணத்தைக் கரைத்துவிடுகிறார்கள். இப்பாடத்தை நாங்கள் ஒகேனக்கல்லில் கற்றோம்.

எங்கள் வகுப்பு மாணவியர் அங்கு இன்பச் சுற்றுலா சென்றிருந்தோம். 'புகையும் கல்' என்று பொருள்படும் பெயருக்கேற்ப, காவிரி பாறைகளில் மோதி வெண்புகையாய் எழும்பிய காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. பரிசலில் சென்றோம். மீன் வறுவல் தின்றோம். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், பாசிமணி மாலை என்று கண்டதையெல்லாம் வாங்கினோம்.

மறுநாள் வகுப்பாசிரியையான சகோதரி, "நேற்றைய செலவுக் கணக்கை எழுதுங்கள்" என்றார். ஒருவராலும் முழுக் கணக்கை எழுத முடியவில்லை. எங்களில் ஒருத்தி மட்டும் எழுதாமல் அழுதாள். அவளுடைய அம்மா 300 ரூபாய் கொடுத்து, "நூறு ரூபாய்க்குள் செலவு செய், மீதியில் தம்பிக்கு நோட்டு வாங்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். மிஞ்சியது 20 ரூபாய். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் "நீயும் வாங்கேன்" என்று நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது சொல்லியிருந்தோம்.

பணம் ஏன் இப்படிக் கைமீறிப் போகிறது? உளநூல், பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து கண்ட காரணங்களுள் மூன்றை இங்கே காண்போம்.

முதலாவது, பெரிய செலவின் நிழலில் சிறிய செலவு மறைந்துவிடுகிறது. அமோஸ் டிவெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு அறிஞர்கள் 1981-ஆம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். 15 டாலர் விலையுள்ள கணக்கிடும் கருவி, 20 நிமிடப் பயணத்தில் உள்ள வேறொரு கடையில் 5 டாலர் குறைவாகக் கிடைக்கும். அங்கே போவீர்களா என்று கேட்டபோது 100-க்கு 68 பேர் போவோம் என்றனர். கருவியின் விலை 125 டாலர் என்று மாற்றி, அதே 5 டாலர் குறையும் என்றபோது 29 பேரே போவோம் என்றனர். 5 டாலர் எங்கும் 5 டாலர்தானே! பேருந்துக்கும் பரிசலுக்கும் பெருந்தொகை கொடுத்த பிறகு, "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இதுகூடவா வாங்கக் கூடாது?" என்று நம் மனம் சொன்னதும் இதனால்தான்.

இரண்டாவது, கூட்டம். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், இஸ்ரேல் நாட்டு உணவகத்தில் ஆறாறு பேராக உண்ண வைத்தனர். அவரவர் உண்டதற்கு அவரவரே பணம் கொடுத்தபோது ஒருவர் சராசரியாக 37 ஷெக்கலுக்கு உண்டார். மொத்தத் தொகையைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றபோது அது 51 ஷெக்கலாயிற்று. நாங்கள் மீன் வறுவலுக்குப் பங்கு போட்டதை நினைத்துத் தலை குனிந்தோம். குறைவாக உண்டவளும் சம பங்கு கொடுத்தாள் அல்லவா?

மூன்றாவது, பணம் கையை விட்டுப் போவது தெரியாவிட்டால் மனம் நோவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக அறிஞர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டிச் சீட்டுகளை ஏலம் விட்டனர். ரொக்கம் தர வேண்டியவர்களைவிடக் கடன் அட்டையில் செலுத்துவோர் இருமடங்குக்கும் மேல் விலை கேட்டனர். நம் நாட்டில் 2016 முதல் யு.பி.ஐ. முறை வந்து, கைப்பேசியாலேயே பணம் கொடுக்கிறோம். வசதி பெரிது. ஆனால் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் அந்தச் சிறு தயக்கம் இப்போது வருவதில்லை. பெற்றோரும் இதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இதற்குப் பரிகாரம் என்ன? காவிரியே வழி காட்டுகிறது. ஒகேனக்கல்லுக்கு வரும் நீரை அதற்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் வினாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள். நீர் அளவு மீறினால் பரிசலை நிறுத்திவிடுகிறார்கள். கீழே, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை நீரைத் தேக்கி வைத்துத் தேவைக்கேற்பத் திறந்துவிடுகிறது. அளப்பது, நிறுத்துவது, தேக்குவது ஆகிய மூன்றும் பணத்துக்கும் பொருந்தும்.

அளப்பது: செலவு செய்த அன்றே, அது ஐந்து ரூபாயானாலும், நோட்டில் எழுதுவோம். நிறுத்துவது: ஆசைப்பட்ட பொருளை உடனே வாங்காமல் ஓர் இரவு பொறுப்போம். காலையிலும் அது தேவையாகத் தோன்றினால் வாங்கலாம். தேக்குவது: மிஞ்சினால் சேமிப்போம் என்றிராமல், முதலிலேயே எடுத்து வைப்போம். தம்பியின் நோட்டுக்கு உரிய பணத்தைத் தனி உறையிலிட்டு, அதன்மேல் 'தம்பி நோட்டு' என்று எழுதி வீட்டிலேயே வைத்துவிட்டால், மீன் கடை முன்னே அது நம் கையில் இராது.

நான்காவதாக ஒன்றுண்டு, அது தனி ஒருத்தியால் ஆகாது. "எனக்கு வேண்டாம்" என்று தோழி சொன்னால், "ஏன்?" என்று கேளாதிருப்பது.

எங்கள் தோழி தன் கணக்கை முழுவதும் எழுதி அம்மாவிடம் காட்டினாள். தம்பியின் நோட்டுக்கு அடுத்த மாதச் சம்பளம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்த சுற்றுலாவுக்கு நாங்கள் ஒரு விதி செய்துள்ளோம். ஒவ்வொருத்தியும் தன்னால் இயன்ற தொகையைப் பெயரெழுதாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவாள். அவற்றுள் மிகக் குறைந்த தொகை எதுவோ, அதுவே அன்று நம் எல்லோருடைய செலவின் அளவு.