கூடாரத்துக் கடலில் கேட்பது எதன் சத்தம்?

அன்னூர் வட்டாரப் பள்ளிகளில் காற்றடைத்த கூடாரம் போட்டு, உள்கூரை முழுக்கக் கடல் படம் காட்டப் போகிறார்கள். பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். ‘கடலுக்குள் நேரில் இருக்கும் அதே அனுபவம்’ என்கிறது பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய துண்டறிக்கை. இதுபற்றி எனக்கு வந்த கடிதங்களில் பல, படம் நிஜமா கிராபிக்ஸா என்று கேட்கின்றன. படத்தைவிடச் சத்தத்தைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும்.

சத்தத்தில் என்ன இருக்கிறது?

மீன் வாலைத் திருப்பும்போது வரும் ‘சளக்’, ஆமை கடற்புல்லைக் கடிக்கும் ‘கறுக்’ எல்லாம் பெரும்பாலும் கடலில் பதிவானவை அல்ல. ஸ்டுடியோவில் தண்ணீர்த் தொட்டிக்குள் கையையும் ஈரத்துணியையும் அசைத்து, காட்சிக்கு ஏற்றபடி சேர்க்கிறார்கள்.

அடுத்தது, துண்டறிக்கை பெருமையாகச் சொல்லும் ‘சுற்றொலி’. இடப்பக்கம் திமிங்கலம் பாடினால் பிள்ளை இடப்பக்கம் திரும்பும். உண்மைக் கடலில் அது நடக்காது. ஒலி ஒரு காதுக்குச் சற்று முந்தியும் மறு காதுக்குச் சற்றுப் பிந்தியும் வருவதை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர். அந்த நேர வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் ஒலி இரு காதுக்கும் போய்ச் சேர்கிறது. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவருக்குப் படகு வருவது கேட்கும்; எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதை நம்பிச் சொல்ல முடியாது. ‘அதே அனுபவம்’ என்று விற்பது, மனிதக் காதுக்குக் கடலில் கிடைக்காத ஒன்றை.

இதனால் என்ன நஷ்டம்?

பவளத்திட்டுக்கென்று சொந்தச் சத்தம் உண்டு. கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால்கள் கூட்டமாகச் சேர்ந்து, பொரி வறுக்கும் சட்டி போல ஓயாமல் படபடக்கின்றன. மீன் குஞ்சுகள் பல இந்தச் சத்தத்தைக் கேட்டும் குடியிருக்க இடம் தேடுகின்றன. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் செத்த பவளக் குவியல்களுக்கு நடுவே ஒலிபெருக்கி வைத்து, நல்ல திட்டின் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். சத்தம் இல்லாத குவியல்களைப் போல இரு மடங்கு மீன்கள் அங்கே சேர்ந்தன என்கிறது 2019இல் வெளியான ஆய்வு.

நம் மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் இருக்கின்றன. 2016இல் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்தன, ஒரு பகுதி செத்தும் போயின. திட்டு சீரழிந்தால் அதன் சத்தமும் அடங்கும். பின்னணி இசையாக வயலினும், ஸ்டுடியோத் தொட்டித் தண்ணீரும் ஒலிக்கிற படத்திலோ, உயிருள்ள திட்டும் செத்த திட்டும் காதுக்கு ஒன்றுதான். மீன்களை அலைக்கழிக்கும் படகு எஞ்சின் இரைச்சலும் துடைக்கப்பட்டுவிடுகிறது. கடலுக்கு நேர்ந்திருப்பதில் பாதியைப் பிள்ளைகளின் காதுக்கு எட்டாமல் வைக்கும் இந்த ஏற்பாடு எனக்குக் கவலை தருகிறது.

நிறம் நிஜமா?

சூரிய ஒளியின் சிவப்பு முதல் பத்து மீட்டருக்குள் பெரும்பாலும் போய்விடும். அதற்குக் கீழே தெரியும் சிவப்பு, விளக்கோ கணினியோ கொடுத்தது.

எல்லாமே கடலில் எடுத்ததா?

இல்லை. பிபிசியின் ‘புளூ பிளானட் 2’ (2017) தொடரிலேயே சில காட்சிகள் ஆய்வகத் தொட்டியில் எடுத்தவை.

படமெடுப்பதால் கடலுக்குக் கேடு உண்டா?

முன்பு நிறையவே. 1956இல் வந்த, கடலாய்வாளர் கூஸ்தோவின் ‘தி சைலன்ட் வேர்ல்ட்’ படத்தில், மீன்களை எண்ணுவதற்காக டைனமைட் வைத்துப் பவளத்திட்டையே தகர்த்தார்கள்.

தலை சுற்றுமா?

சிலருக்குச் சுற்றும், கண்ணைச் சற்று நேரம் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்படியானால் பணம் கட்ட வேண்டாமா?

கட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால்தான் நமக்குக் கடல்; அலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பல பிள்ளைகள் பார்க்கப் போவது இதுவே முதல்முறை. ஆசிரியர்கள் படம் காட்டுவோரிடம் முன்கூட்டியே பேசி, ஐந்து நிமிடம் இசையை நிறுத்திவிட்டு, ஹைட்ரோபோனில் (நீருக்கடி ஒலிவாங்கியில்) பதிவான அசல் பவளத்திட்டுச் சத்தத்தைப் போடச் சொல்லலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.