மூழ்கும் கழகமும் புதிய முகாமையாளரும்

உதைபந்தாட்டத்தில் தோல்விமேல் தோல்வி வந்தால் முதலிற் பதவி இழப்பவர் பந்தை உதைத்தவர் அல்லர். மைதானத்தின் ஓரத்தில் நின்று கைகாட்டிக் கொண்டிருந்தவரே. இங்கிலாந்தில் அவரை முகாமையாளர் என்பர். எவரை ஆடவிடுவது, எவரை எங்கே நிறுத்துவது, எவ்வாறு தாக்குவது, எவ்வாறு காப்பது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. பருவத்தின் நடுவில் அவரை நீக்கி வேறொருவரை அமர்த்தும் வழக்கம் அந்நாட்டில் மலிந்து கிடக்கின்றது. அதனாற் கழகம் உண்மையிலேயே காப்பாற்றப்படுகின்றதா? இவ்வினாவை ஆராய்வதற்குப் பல கழகங்களைத் தேடி அலையவேண்டியதில்லை. நடு இங்கிலாந்தில் 1884 ஆம் ஆண்டு தோன்றிய லெஸ்டர் சிற்றி என்னும் கழகத்தின் அண்மைக்காலப் பத்தாண்டுக் கதையே போதும்.

கதைக்குமுன் விதியைச் சிறிது அறிந்துகொள்வோம். இங்கிலாந்தின் முதற்பிரிவாகிய பிரிமியர் லீக்கில் 20 கழகங்கள் உள்ளன. பருவமொன்றில் ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. பருவ முடிவிற் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை அடுத்த பிரிவுக்கு இறக்கப்படும். இறங்குவது மானக்கேடு மட்டுமன்று. தொலைக்காட்சி ஒளிபரப்பு முதலியவற்றிலிருந்து, முதற்பிரிவிற் கடைசியாக வரும் கழகத்துக்குக்கூட அண்மைக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி பவுண் கிடைத்துள்ளது. கீழ்ப்பிரிவிற் கிடைப்பது அதிற் சிறு பங்கே. இறங்கிய கழகத்துக்குச் சில ஆண்டுகள் ஆறுதற்பணம் வழங்கப்படினும், சிறந்த ஆட்டக்காரர் விலைபோவர். அலுவலகத்தில் எழுதுபவர் முதல் புற்றரையைப் பேணுபவர் வரை பலரின் வேலையும் ஆட்டங்காணும். இவற்றையெல்லாம் எண்ணும் உரிமையாளர் எங்ஙனம் நித்திரை கொள்வார்? ஆட்டக்காரரை விற்பதும் வாங்குவதும் கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. முகாமையாளரை மாற்றவோ நாளும் பொழுதும் பார்க்கவேண்டியதில்லை. அவர் கையிலுள்ள கருவி அதுவொன்றே.

2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் லெஸ்டர் கழகம் இங்கிலாந்தின் சம்பியனாயிற்று. பருவத் தொடக்கத்தில் அதன் வெற்றிக்குப் பந்தயக்காரர் விதித்த விகிதம் ஒன்றுக்கு 5000. அணியை நடத்தியவர் கிளோடியோ ரனியேரி என்னும் முதிய இத்தாலியர். ஆனால் ஒன்பது மாதங்கள் கழிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. நடுக்களத்தின் முதுகெலும்பாக விளங்கிய காண்டே செல்சிக் கழகத்துக்கு விற்கப்பட்டிருந்தார். 2017 ஆம் ஆண்டு பிறந்தபின் பெப்ரவரி வரையும் லீக் ஆட்டங்களில் லெஸ்டர் ஒரு கோலேனும் போடவில்லை. 25 ஆட்டங்களில் 21 புள்ளி. இறக்க வலயத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. பெப்ரவரி 23 ஆம் திகதி ரனியேரி நீக்கப்பட்டார். மணிமுடி சூட்டியவரையே வாயிலுக்கு வெளியே தள்ளினரே என்று உலகம் முழுவதும் இரங்கிற்று.

அவருடைய இடத்துக்கு வந்தவர் உதவியாளராக இருந்த கிறெய்க் ஷேக்ஸ்பியர். பெயர் நாடகாசிரியரை நினைவூட்டிற்று, நிகழ்ந்ததும் நாடகமே. முதல் ஐந்து லீக் ஆட்டங்களிலும் வெற்றி. லிவர்பூல் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றது. 13 ஆட்டங்களில் 23 புள்ளி சேர்த்துக் கழகம் 12 ஆம் இடத்தில் முடித்தது. அவர் செய்த புதுமை யாது? புதுமை எதுவுமில்லை என்பதே விடை. முன்னைய ஆண்டிற் சம்பியனாக்கிய ஆட்டமுறைக்கே அணியைத் திருப்பினார். பின்வரிசையை நெருக்கமாக நிறுத்தி, பந்து கிடைத்தவுடன் எதிரணியின் முதுகுப்புறத்தே நீளமாக அனுப்பி, வேகமான முன்வரிசை வீரர் ஜேமி வார்டியை ஓடவிடும் பழைய முறை அது.

இதை மட்டும் கேட்பவர், முகாமையாளரை மாற்றுவதே மருந்து எனத் தீர்மானித்துவிடுவர். ஆயின் அதே கழகத்தில் ஈராண்டுக்கு முன்னர் நடந்ததையும் கேட்கவேண்டும். 2014 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் லெஸ்டர் பட்டியலின் அடியிற் கிடந்தது. நான்கு மாதங்களுக்கு மேலாக அங்கிருந்து அசையவில்லை. 29 ஆட்டங்கள் முடிந்தபோது 19 புள்ளி. கரையேற இன்னும் 7 புள்ளி தேவை. அப்போதைய முகாமையாளர் நைஜல் பியர்சனை நீக்கக் காரணங்களுக்கா குறைவு? எனினும் அவர் நீக்கப்படவில்லை. எஞ்சிய 9 ஆட்டங்களில் 7 வெற்றி, ஒரு சமநிலை. 14 ஆம் இடம். ஷேக்ஸ்பியரின் மீட்சியிலும் இது பெரிய மீட்சி. (கரையேற்றிய பியர்சனும் அடுத்த மாதமே, நோக்குகள் வேறுபட்டன என்ற காரணத்துக்காக விலக்கப்பட்டார் என்பது வேறு கதை.)

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளியலாளர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகின்றது. 1986 முதல் 2004 வரை அந்நாட்டு முதற்பிரிவில் நடந்த முகாமையாளர் மாற்றங்களை அவர் எடுத்துக்கொண்டார். மாற்றத்தின்பின் அணிகள் முன்னேறியது மெய். ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. அதேயளவு வீழ்ந்தும் முகாமையாளரை மாற்றாத அணிகளையும் தேடிப் பார்த்தார். அவையும் ஏறக்குறைய அதேபோல் எழுந்திருந்தன! காய்ச்சல் உச்சத்தில் நிற்கும் இரவில் வீட்டார் வைத்தியரை மாற்றுவர். மறுநாட் காலை காய்ச்சல் இறங்கும். பெயர் புதிய வைத்தியருக்கு. உச்சத்துக்குச் சென்றது தானே இறங்கவும் கூடும் என்பதை அவ்வேளையில் எவர் எண்ணுவர்? தொடர் தோல்வியில், குறையோடு துரதிர்ஷ்டமும் கலந்திருக்கும். கம்பத்திற் பட்டுத் திரும்பும் பந்து எந்நாளும் கம்பத்திலேயே படுவதில்லை.

எல்லாக் காய்ச்சலும் தானே இறங்குவதும் இல்லை. 2021 இல் லெஸ்டருக்கு எஃப். ஏ. கிண்ணத்தை வென்று கொடுத்த பிரண்டன் ரொட்ஜர்ஸ் 2023 ஏப்ரல் 2 ஆம் திகதி விலகினார். அப்போது கழகம் 19 ஆம் இடத்தில். எஞ்சியவை 10 ஆட்டங்கள். புதியவர் தயாராக இல்லாமையால் இரண்டு ஆட்டங்கள் இடைக்காலப் பொறுப்பாளரின் கீழ்த் தோல்வியிற் கழிந்தன. பின்னரே டீன் சிமித் வந்தார். எட்டு ஆட்டங்களில் 9 புள்ளி பெற்றார். முன்னையதிலும் அது நன்றேயாயினும் போதவில்லை. மொத்தம் 34 புள்ளியுடன் கழகம் இறங்கிற்று. 36 புள்ளியுடன் தப்பியது எவர்ட்டன். அக்கழகம் ஜனவரி இறுதியிலேயே ஷோன் டைச்சை அமர்த்தியிருந்தது. அவர் கையில் 18 ஆட்டங்கள் இருந்தன.

அவ்விரு கழகங்களும் மே முதலாந் திகதி லெஸ்டரில் மோதின. லெஸ்டர் இரண்டுக்கு ஒன்று என முன்னணியில் நின்றபோது அதற்குத் தண்ட உதை கிடைத்தது. உதைத்தவர் ஜேம்ஸ் மடிசன். நேரே நடுவில் உதைத்தார். எவர்ட்டன் கோல்காப்பாளர் பிக்ஃபர்ட் எப்பக்கமும் பாயாமல் நின்ற இடத்திலேயே தடுத்துவிட்டார். எவர் எங்கே உதைப்பார் என்ற குறிப்பு அவருடைய தண்ணீர்ப் போத்தலில் ஒட்டப்பட்டிருந்தது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலையில் முடிந்தது. லெஸ்டர் அன்று வென்றிருந்தால், ஏனைய முடிவுகள் அப்படியே இருக்க, லெஸ்டருக்கு 36 புள்ளி, எவர்ட்டனுக்கு 35. தப்பியிருப்பது லெஸ்டரே. சிமித்தின் திறமையைப் பற்றிய தீர்ப்பும் அந்த ஒரு பந்தோடு மாறியிருக்கும்.

அப்படியாயின் காலத்தோடு மாற்றுவதே வழியோ? அதையும் லெஸ்டர் சோதித்துவிட்டது. 2024 இல் முதற்பிரிவுக்கு மீண்ட கழகம் அவ்வாண்டு நவம்பரில், 12 ஆட்டங்களில் 10 புள்ளி பெற்றிருந்த ஸ்டீவ் கூப்பரை நீக்கிற்று. அப்போது அது 16 ஆம் இடத்தில், இறக்க வலயத்துக்கு வெளியே இருந்தது. வந்தவர் புகழ்பெற்ற முன்னாள் டச்சு வீரர் ரூட் வான் நிஸ்டல்றோய். ஆனால் எஞ்சிய 26 ஆட்டங்களிற் கழகம் பெற்றது 15 புள்ளி மட்டுமே. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் போடாமல் தோற்றது. இங்கிலாந்தின் முதற்பிரிவில் அதற்குமுன் எந்தக் கழகமும் காணாத அவலம் அது. ஷேக்ஸ்பியர் பெற்ற அணியோ சம்பியனாகி ஓராண்டும் நிறையாத அணி. அதன் ஆற்றல் உறங்கியதேயன்றி ஒழிந்திருக்கவில்லை. 2024 இன் அணியில் எழுப்புவதற்கு அத்தகைய ஆற்றல் இருக்கவில்லை. வந்தவர் எவராயினும் முடிவு பெரிதும் வேறுபட்டிராது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

இம்முகாமையாளர் அனைவரின் கீழும் ஆடியவர் வார்டி. 2012 இற் கழகத்திற் சேர்ந்த அவர் 2025 மே 18 ஆம் திகதி, இறக்கம் உறுதியாகி ஏறத்தாழ நான்கு வாரங்களின் பின்னர், இப்சுவிச் அணிக்கெதிராக அதற்காகத் தமது கடைசி ஆட்டத்தை ஆடினார். அது அவருடைய 500 ஆவது ஆட்டம். அன்று அவர் போட்டது லெஸ்டருக்காகப் போட்ட 200 ஆவது கோல். அப்போது அவருக்கு வயது 38.