வாடகைக்கு வந்த இருட்டறை

2013 மே 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த தன் மாநாட்டில் அடோபி நிறுவனம் ஒரு முடிவை அறிவித்தது. முந்தைய ஆண்டு வெளிவந்த சிஎஸ்6-தான், ஒருமுறை காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசி போட்டோஷாப். இனி வருவதெல்லாம் 'கிரியேட்டிவ் கிளவுட்' என்ற சந்தாவில் மட்டும்தான். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் முதன்முதலாகக் கடைக்கு வந்ததிலிருந்து அதுவரை அது விலைக்கு வாங்குகிற பொருளாகவே இருந்தது. புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள், இணையத்தில் கையெழுத்து வேட்டை நடந்தது. அடோபி முடிவை மாற்றவில்லை, விலையைத்தான் கொஞ்சம் இறக்கியது. அன்று தொடங்கிய விவாதம் இன்றுவரை பெரும்பாலும் கூட்டல் கழித்தலிலேயே நடக்கிறது: மாதம் இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு, எத்தனை ஆண்டில் வாங்கிய காசு ஈடாகும் என்று. இந்தக் கணக்கு தேவைதான். ஆனால் சந்தாவா, சொந்தமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு: பணம் கட்டுவதை நிறுத்துகிற நாளில், அதுவரை நாம் செய்து வைத்த வேலையில் எவ்வளவு நம் கையில் மிஞ்சும்?

கணக்கை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது சந்தாவை எதிர்ப்பவர்கள் நினைக்கிற அளவுக்கு அவர்கள் பக்கம் இல்லை. சிஎஸ்6-இன் சாதாரணப் பதிப்பு 699 டாலர். பழைய பதிப்பு வைத்திருப்பவர் புதியதற்கு மாற 199 டாலர். 2007-இல் சிஎஸ்3 வைத்திருந்தவர் 2008-இல் சிஎஸ்4, 2010-இல் சிஎஸ்5, 2012-இல் சிஎஸ்6 என்று ஒன்றுவிடாமல் மாறியிருந்தால், ஐந்து ஆண்டில் மூன்று முறை கட்டியது 597 டாலர். அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 120. எதிர்ப்புக்குப் பிறகு 2013 செப்டம்பரில் அடோபி கொண்டுவந்த புகைப்படக்காரர் திட்டத்தில் போட்டோஷாப்பும், படங்களை அடுக்கித் திருத்துகிற லைட்ரூமும் சேர்த்து மாதம் 9.99 டாலர்; ஆண்டுக்கு அதே 120. ஆக, ஒவ்வொரு பதிப்பையும் வாங்கிக்கொண்டிருந்தவருக்குச் சந்தாவால் நஷ்டமில்லை; புதிதாக வருபவருக்கு 699 டாலர் நுழைவுக் கட்டணமும் மிச்சம். திருட்டுப் பதிப்பைத் தவிர வேறு வழியே தெரியாமல் இருந்த எத்தனையோ பேருக்கு முறையான மென்பொருள் எட்டுகிற தூரத்துக்கு வந்தது இந்த மாற்றத்தால்தான். இதை மறைத்துவிட்டுச் சந்தாவைத் திட்டுவதில் நியாயமில்லை.

நஷ்டப்பட்டவர் வேறொருவர். சிஎஸ்3 வாங்கி, அது தன் வேலைக்குப் போதும் என்று ஐந்தாறு ஆண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவர். அவர் கஞ்சர் அல்ல. சந்தையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. புதிய பதிப்பில் உருப்படியாக எதுவும் இல்லை என்றால் அவர் வாங்கமாட்டார். அவரை எழுப்ப வேண்டுமானால் நிறுவனம் எதையாவது செய்து காட்டியாக வேண்டும். இந்த 'வேண்டாம்' எவ்வளவு வலிமையானது என்பது அடோபிக்குத் தெரியும். 2011 இறுதியில், உடனடி முந்தைய பதிப்பு வைத்திருப்பவருக்கு மட்டுமே இனி சலுகை விலை என்று அது அறிவித்தது. மூன்று பதிப்பு பின்தங்கியவருக்கும் அதுவரை சலுகை உண்டு. கூச்சல் எழுந்ததும், 2012 இறுதிவரை பழையவர்களுக்கும் சலுகை தருவதாகப் பின்வாங்கியது. அடுத்த ஆண்டே சந்தா மட்டுமே என்றானது. பதிப்பைத் தாண்டிப்போகிற வாய்ப்பே இல்லாமல் போனது. சந்தாவில் 'வேண்டாம்' என்று சொன்னால் புதியதோடு பழையதும் போய்விடும். 2025 ஜனவரியில், 20 ஜிபி சேமிப்பிடம் கொண்ட அந்த 9.99 டாலர் திட்டத்தைப் புதியவர்களுக்கு நிறுத்தி, மாதந்தோறும் கட்டிவந்த பழையவர்களுக்கு 14.99 ஆக உயர்த்தியபோது, அந்த உயர்வைத் தவிர்க்க ஆண்டுத் தொகையை முன்பணமாகக் கட்டுவது அல்லது விலகுவது என்ற இரண்டு வழிதான் அவர்களுக்கு இருந்தது. பேரம் பேச அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை.

விலகுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதைப் புரிந்துகொள்ள, இன்றைய படத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் கையில் இருந்தால் போதும், எந்த ஊர் ஸ்டுடியோவின் இருட்டறையிலும் அதைப் பிரிண்ட் போடலாம். டிஜிட்டல் கேமரா பதிவுசெய்கிற மூலத் தரவான ரா ஃபைலும் நெகட்டிவ் மாதிரிதான் என்பார்கள், பாதிதான் உண்மை. லைட்ரூமில் ஒரு ரா படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி, வானத்தை இருட்டாக்கி, முகத்தில் விழுந்த நிழலைத் தூக்கும்போது அந்த ஃபைலில் ஒரு புள்ளியும் மாறுவதில்லை. 'வெளிச்சம் இவ்வளவு, நிழல் இவ்வளவு' என்ற கட்டளைகள் மட்டும் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. நாம் சேமித்து வைத்திருப்பது சமைத்த உணவை அல்ல, சமையல் குறிப்பை. அதுவும் ஒரே ஒரு அடுப்பில் மட்டும் சரியாக வேகிற குறிப்பை. வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால் படத்தை வெட்டியது, வெளிச்ச அளவு போன்ற சில அடிப்படைகள் தோராயமாக வந்து சேரும். நுணுக்கமான மாஸ்க்குகள், வண்ணத் திருத்தங்கள் வராது. பத்து ஆண்டு உழைத்து ஒருவர் உருவாக்கிய பல்லாயிரம் படங்களின் தோற்றம் இப்படி ஒரு நிறுவனத்தின் கணக்கீட்டு முறைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சந்தா முடிந்தால் என்ன ஆகும்? லைட்ரூம் கிளாசிக் ஓரளவு பெருந்தன்மையானது: படங்களைப் பார்க்கலாம், அடுக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம், திருத்துகிற 'டெவலப்' பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டும் பூட்டப்படும். போட்டோஷாப்பில் அதுவும் இல்லை, வேலையே செய்யவிடாது. அடுக்கடுக்காகச் செய்து வைத்த பிஎஸ்டி ஃபைலை வேறு செயலியில் திறக்கலாம்தான், ஆனால் எல்லா அடுக்கும் அப்படியே உயிரோடு வரும் என்று நம்ப முடியாது. ஆகவே முதல் சில மாதச் சந்தா கருவிக்கான கூலி என்றால், பத்தாம் ஆண்டில் கட்டுகிற சந்தாவில் பெரும்பங்கு நம் பழைய வேலையைத் திறந்து பார்ப்பதற்கான கட்டணம். வேலை சேரச் சேர விலகுவதன் விலையும் ஏறுகிறது. விலைப்பட்டியலில் இது எங்கும் எழுதப்படுவதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: வாங்கிய மென்பொருள் மட்டும் சாகாவரம் பெற்றதா? இல்லவே இல்லை. ஆப்பிளின் படத் திருத்த மென்பொருளான அபெர்ச்சர் 2005-இல் வந்தது, 2014-இல் கைவிடப்பட்டது. 2019-இல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினாவில் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6-இல் 2018 இறுதியில் வரைபடப் பகுதி செயலிழந்தது, கூகுள் வரைபடத்துக்கான அனுமதி காலாவதியானதால். சிஎஸ்2-வைக் கணினியில் நிறுவும்போது அடோபியின் சர்வர் அதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த சர்வர் மூடப்பட்டபோது, வாங்கியவர்களுக்காக 2013 ஜனவரியில் சரிபார்ப்பு தேவைப்படாத வேறொரு பதிப்பை நிறுவனமே இணையத்தில் வைக்க வேண்டியிருந்தது. சட்டப்படி பார்த்தால் அப்போதும் நாம் வாங்கியது மென்பொருளை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தைத்தான்.

எல்லாம் உண்மை. ஆனாலும் இரண்டு சாவும் ஒன்றல்ல. வாங்கிய மென்பொருள் முதுமையில் சாகிறது. கேட்டலினா வந்ததும் அபெர்ச்சர் நின்றது உண்மை. கேட்டலினாவுக்கு மாறாத பழைய மேக்கில் அது தொடர்ந்து ஓடியது. கைவிடப்பட்ட அறிவிப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே ஐந்து ஆண்டு இருந்தது. படங்களை வெளியே எடுக்க யாருக்கும் அது போதும். சந்தாவின் முடிவு வேறு மாதிரி. 2019 அக்டோபரில், வெனிசுவேலா மீதான அமெரிக்க அதிபரின் தடை உத்தரவைக் காட்டி, அந்நாட்டுக் கணக்குகளை அந்த மாத இறுதிக்குள் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. சந்தாவை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் மூன்று வாரம்தான் அவகாசம். கடைசி நேரத்தில் அமெரிக்க அரசிடம் அனுமதி கிடைத்து சேவை தொடர்ந்தது. அந்த மூன்று வாரமும் தலைநகர் கராகஸில் பழைய சிஎஸ்6 வைத்திருந்தவருக்கு எந்தக் கவலையும் இருந்திருக்காது.

அடுத்த மறுப்பு புதுமை பற்றியது. மாதாமாதம் பணம் வந்தால்தான் மாதாமாதம் முன்னேற்றம் வரும் என்கிறார்கள். தமிழர்களுக்கே இதில் ஒரு சாட்சி இருக்கிறது. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறி எழுத்து உடைந்து நிற்கும். அதற்காகவே பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை அச்சகங்களும் ஆல்பம் வடிவமைப்பாளர்களும் விடாமல் பிடித்திருந்தார்கள். இந்திய மொழிகளுக்கான எழுத்து இயந்திரம் சேர்ந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. புதிய கேமரா வாங்கினால் அதன் ரா ஃபைலைப் படிக்கவும் புதிய பதிப்பு வேண்டும். (இதற்கு மட்டும் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டர் போதும், ஃபைலை டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பல பழைய மென்பொருள்களும் திறக்கும்.) செயற்கை நுண்ணறிவில் இன்னும் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். போட்டோஷாப்பில் கேட்டதை வரைந்து சேர்க்கிற ஜெனரேட்டிவ் ஃபில் நிறுவனத்தின் சர்வர்களில் ஓடுகிறது. ஒவ்வொரு முறைக்கும் அவர்களுக்குச் செலவு உண்டு, அதற்கு வாடகை கேட்பது நியாயம். லைட்ரூமில் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்குகிற டிநாய்ஸ் அப்படியல்ல. அது நம் கணினியில், நம் மின்சாரத்தில் ஓடுகிறது. அதே வகை வேலையைச் செய்யும் டீப்பிரைம் நுட்பத்தைப் பிரான்சின் டிஎக்ஸ்ஓ நிறுவனம் ஒரே தடவை விலைக்கு விற்கிறது. ஆகவே புதுமைக்குச் சந்தா தவிர வழியில்லை என்பது எல்லா வசதிக்கும் பொருந்துகிற வாதம் அல்ல.

பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது தொடுத்த வழக்கைப் பார்க்கலாம். மாதாமாதம் கட்டுகிற ஆண்டுத் திட்டத்தில், முதல் ஆண்டில் இடையில் விலகினால் மீதத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை தெளிவாகக் காட்டப்படவில்லை, விலகுகிற வழியும் வேண்டுமென்றே சிக்கலாக்கப்பட்டது என்பது ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. அடோபி அதை மறுத்தது. இந்தியாவில் 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். மறந்துபோன சந்தாவைப் பிடிக்க இது உதவும். ஒப்பந்தத்தில் உள்ள விலகல் கட்டணத்தை இது ரத்து செய்யாது.

அப்படியானால் வாங்கக் கிடைப்பது என்ன? கடை சுருங்கிக்கொண்டேதான் வருகிறது. கேப்சர் ஒன் இன்னும் நிரந்தர உரிமம் விற்கிறது, ஆனால் 2023 முதல் வாங்கியவர்களுக்குப் பின்னால் வருகிற புதிய வசதிகள் கிடையாது. 2024 இறுதியில் வந்த போட்டோஷாப் எலிமெண்ட்ஸ் 2025-ஐ ஒருமுறை பணம் கட்டி வாங்க முடிந்தது. ஆனால் அதன் உரிமம் மூன்று ஆண்டில் முடிந்துவிடும். சந்தா எதிர்ப்பாளர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த பிரிட்டனின் அஃபினிட்டியை 2024-இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அது இலவசமாகவே வந்தது, கேன்வா கணக்கு திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இலவசம் என்பதால் அது சொந்தமாகிவிடாது, கணக்கு அவர்களுடையது. யாரும் திரும்பப் பிடுங்க முடியாதது கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி போன்ற கட்டற்ற மென்பொருள்கள்தான். 1990-களில் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய கிம்ப், 2025 மார்ச்சில் 3.0 பதிப்பைக் கண்டது. பழகச் சிரமம், அச்சுத் தொழிலுக்குப் போதாத இடங்களும் உண்டு. ஆனால் குடும்பப் படங்களைத் திருத்தி வைக்கிறவருக்குத் தாராளமாகப் போதும்.

திருமண ஆல்பத்தை முடித்து வாடிக்கையாளரிடம் ஒப்படைத்ததும் அந்த வேலை தீர்ந்தது என்றிருக்கிற ஸ்டுடியோவுக்குச் சந்தா பொருத்தமாகவே இருக்கும். அவர்களுக்கு அது கடை வாடகை, மின்கட்டணம் போல வருமானத்தில் கழிகிற செலவு. பழைய ஃபைலைத் திரும்பத் திறக்கிற தேவையும் குறைவு. இருபது ஆண்டு கழித்தும் தன் படங்களைத் திறந்து மறுபடி திருத்த நினைக்கிறவர் சந்தாவில் சேர்ந்தாலும், முடித்த படங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு அளவு டிஃப் ஃபைலாக ஏற்றுமதி செய்து, ரா ஃபைல்களோடு தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட வேண்டும். டிஃப் ஃபைல் இடத்தை அடைக்கும், ரா ஃபைலைவிடப் பல மடங்கு பெரியதாகக்கூட இருக்கும். அந்தக் கூடுதல் ஹார்ட் டிஸ்க்கின் விலையையும் சந்தாக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.