பழைய மோட்டாரின் இரு லீவர்கள்

1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்டு 'டி' வண்டியின் ஸ்டியரிங் சக்கரத்தின்கீழ் இரு சிறு லீவர்கள் உண்டு. வலப்புறத்தது வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. காலால் மிதிக்கும் ஆக்ஸிலேட்டர் இதில் இல்லை. இடப்புறத்தது தீப்பொறி எழும் நேரத்தை முந்தவும் பிந்தவும் செய்வது. ஐயம் நேரின் அவற்றின் தண்டுகளைத் தொடர்ந்து நோக்குக. கார்புரேட்டரைச் சேர்வது வேகத்தினது.

ஹாண்டில் சுற்றுமுன் இட லீவரை மேலே தள்ளிப் பொறியைப் பிந்தச் செய்தல் இன்றியமையாதது. தவறின், பிஸ்டன் உச்சியை எட்டுமுன் ஆவி வெடித்து, ஹாண்டில் எதிர்ப்புறம் சுழன்று மணிக்கட்டை முறிக்கக்கூடும். யந்திரம் ஓடத் தொடங்கியபின் லீவரைக் கீழிறக்குக. கூடலூரிலிருந்து குமுளிக்கு மலையேறுகையில் வேகம் தளர்ந்து யந்திரத்தில் தட்டொலி கேட்பின், அதனைச் சிறிது மேலேற்றுதல் நலம்.